பழுதுபார்ப்பவன் வரைந்த விண்கலம்



இன்றைய பேச்சு உலகில் இல்லாத கப்பல்களைப் பற்றியது. 'ஸ்டார் ட்ரெக்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரிலும், அதன் கிளைத் தொடர்களிலும், திரைப்படங்களிலும் வரும் விண்கலங்கள் அவை. எண்பதுகளில் தூர்தர்ஷனில் அந்தத் தொடரைப் பார்த்தவர்கள் இந்த அவையில் சிலராவது இருப்பார்கள். கூர்காது ஸ்பாக்கை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஸ்பாக் பயணம் செய்த கலத்தை வரையச் சொல்லிக் காகிதம் கொடுத்தால், படம் வரையத் தெரியாதவர்கூட வரைந்துவிடுவார். ஒரு வட்டத் தட்டு, அதன் கீழே ஓர் உருளை, பின்னால் மேல்நோக்கித் தூக்கிய இரண்டு நீளக் குழல்கள். கோணல்மாணலாக வரைந்தாலும் அது 'என்டர்பிரைஸ்'தான் என்று பக்கத்தில் இருப்பவர் சொல்லிவிடுவார். அறுபது ஆண்டுக்கு முந்தைய ஒரு தொலைக்காட்சிப் பொம்மைக்கு இந்த அடையாளம் எப்படி வாய்த்தது, அதன் வாரிசுகளில் எவை தேறின, எவை கோட்டைவிட்டன என்று பார்க்கலாம்.

1964. ஹாலிவுட்டில் டெசிலு ஸ்டுடியோ. தொடரை உருவாக்கிக்கொண்டிருந்த ஜீன் ரோடன்பெரி, கலை இயக்குநர் மேட் ஜெஃப்ரீஸைக் கூப்பிட்டு ஒரு விண்கலம் வேண்டும் என்றார். றெக்கை கூடாது, வால்துடுப்பு கூடாது, ராக்கெட் வாய் கூடாது, நெருப்பும் புகையும் கூடவே கூடாது. ஆனால் பார்த்த மாத்திரத்தில் ஆற்றல் தெரிய வேண்டும். எப்படி இருக்கக் கூடாது என்பதை எல்லாம் சொல்லிவிட்டு, எப்படி இருக்க வேண்டும் என்ற பாரத்தை ஜெஃப்ரீஸ் தலையில் கட்டிவிட்டார் ரோடன்பெரி.

இருவருக்கும் பொதுவான ஓர் அனுபவம் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் இருவரும் பி-17 குண்டுவீச்சு விமானங்களில் பறந்தவர்கள். போருக்குப் பின் ரோடன்பெரி பான் ஆம் நிறுவனத்தின் விமானியாகவும் இருந்தார். ஜெஃப்ரீஸோ பழைய விமானங்களைச் செப்பனிட்டுப் பறக்கவிடுவதைக் கடைசிவரை கைவிடவில்லை. இந்தப் பின்னணி இல்லாமல் என்டர்பிரைஸைப் புரிந்துகொள்ள முடியாது.

ஜெஃப்ரீஸ் முதலில் செய்தது, பக் ராஜர்ஸ், ஃபிளாஷ் கார்டன் காலத்துச் சித்திரக்கதை ராக்கெட்டுகளின் படங்களைத் திரட்டியதுதான். எதையெல்லாம் செய்யக் கூடாது என்பதற்கான பட்டியல் அது. பிறகு ஒரு மெக்கானிக்கைப் போல யோசித்தார். ஒளியை மிஞ்சும் வேகத்தைத் தருகிற எஞ்சின் என்றால் அது பயங்கரமானதாகத்தான் இருக்கும். மனிதர்கள் தூங்குகிற, சாப்பிடுகிற இடத்துக்குப் பக்கத்தில் அதை வைக்கலாமா? கூடாது. ஆகவே எஞ்சின்களைக் கம்புகளின் நுனியில் தள்ளி வைத்தார். ஏதாவது கோளாறு என்றால் கழற்றி எறிந்துவிடலாம். ஆட்கள் இருக்கும் பகுதிக்கு முதலில் கோளத்தைப் போட்டுப் பார்த்தார். உள்ளழுத்தத்தைத் தாங்க அதுவே சரியான வடிவம். ஆனால் பார்வைக்கு மொத்தையாக இருந்தது. தட்டித் தட்டிச் சப்பையாக்கியதில் தட்டு வந்தது.

அவருடைய முடிவுகளில் ஆழமானது இவை எதுவும் அல்ல. கலத்தின் வெளிப்புறத்தை அவர் வழவழவென்று விட்டதுதான். குழாய் இல்லை, பெட்டி இல்லை, துருத்திக்கொண்டு நிற்கும் கருவிகள் ஏறக்குறைய இல்லை. காரணத்தை அவரே பின்னாளில் விளக்கியிருக்கிறார். எந்த இயந்திரமும் ஒரு நாள் பழுதாகும். பழுதானால் ஒருவன் போய்ப் பார்க்க வேண்டும். வெளியே விண்வெளியில் தொங்கிக்கொண்டு பார்க்கச் சொல்வானேன்? எல்லாவற்றையும் உள்ளே வைத்துவிட்டால் போயிற்று. விண்கலம் பறப்பதைக் கற்பனை செய்தவர்கள் எத்தனையோ பேர். அது பழுதாகி நிற்பதைக் கற்பனை செய்து அதிலிருந்து வடிவத்தைப் பெற்றவர் ஜெஃப்ரீஸ். தொடரில் எஞ்சினியர்கள் ஊர்ந்துபோய் வேலை பார்க்கும் குறுகலான சுரங்கத்துக்கு 'ஜெஃப்ரீஸ் குழாய்' என்று பெயர் நிலைத்தது வெறும் மரியாதைக்காக அல்ல, பொருத்தமும் அதுதான்.

1977-இல் 'ஸ்டார் வார்ஸ்' வந்தபோது அதன் கலைஞர்கள் இதற்கு நேர் எதிர்த் திசையில் போனார்கள். கடையில் விற்கும் டாங்கி, விமான மாடல் பெட்டிகளை வாங்கி, அவற்றின் சில்லறைப் பாகங்களைக் கலங்களின் மேல் ஒட்டித் தள்ளினார்கள். அதனால் பிரம்மாண்டம் வந்தது, புழங்கிய அழுக்கும் வந்தது. அதுவும் ஒரு கலைப்பள்ளிதான், குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஒட்டுப்பாகம் ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று கேட்டால் பதில் கிடைக்காது. ஜெஃப்ரீஸிடம் கேட்டால் கிடைக்கும்.

கலத்தின் நெற்றியில் எழுதியிருக்கும் என்சிசி-1701 என்ற பதிவெண்ணிலும் விமானக்காரர் புத்திதான். அமெரிக்க சிவில் விமானங்களின் பதிவெண்கள் ஒரு காலத்தில் என்சி என்று தொடங்கின. சோவியத் விமானங்களில் நான்கு எழுத்துகளில் மூன்று சி-யாகத் தெரியும். இரண்டு வல்லரசுகளும் சேர்ந்தால்தான் விண்வெளிக்கு இவ்வளவு தூரம் போக முடியும் என்று இன்னொரு சி-யைச் சேர்த்தார். எண்ணில் 3, 6, 8, 9 இல்லாதபடி பார்த்துக்கொண்டார், தூரத்திலிருந்து பார்த்தால் அவை ஒன்றோடொன்று குழம்பும் என்று. அவர் வைத்திருந்த பழைய வேகோ விமானத்தின் பதிவெண் என்சி-17740. அதிலிருந்துதான் 1701 வந்தது என்பது ரசிகர்கள் கட்டிய கதை. பதினேழாவது வடிவமைப்பில் முதல் கலம் என்பதே ஜெஃப்ரீஸ் சொன்ன கணக்கு.

ஒரு வேடிக்கையும் உண்டு. ரோடன்பெரிக்குக் காட்டுவதற்காக பால்சா மரத்தில் ஒரு சின்ன மாடல் செய்து நூலில் கட்டினார்கள். எஞ்சின் குழல்களுக்குப் போட்ட மரம் கனமாக இருந்ததால் அது தலைகீழாகத் தொங்கியது. ரோடன்பெரிக்கு அப்படியே பிடித்துப்போய்விட்டது. அவரைத் திருப்புவதற்குள் ஜெஃப்ரீஸுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

படப்பிடிப்புக்கான பெரிய மாடலின் நீளம் பதினொரு அடிக்குச் சற்று மேல். கலிஃபோர்னியாவின் பர்பேங்க் நகரில் ரிச்சர்ட் டேட்டினும் கூட்டாளிகளும் மரம், பிளாஸ்டிக், உலோகத் தகடு ஆகியவற்றால் கட்டி 1964 டிசம்பர் கடைசியில் கொடுத்தார்கள். கதைப்படி கலத்தின் நீளம் 289 மீட்டர், பணியாளர் 430 பேர். மாடலுக்குள் விளக்குகள் பொருத்தியபோது ஒயர்களை வெளியே எடுக்க இடப்பக்கத்தைப் பயன்படுத்தினார்கள். அந்தப் பக்கம் ஜன்னல்களோ வேலைப்பாடோ இல்லாமல் அரைகுறையாகவே நின்றது. அதனால் தொடரில் கலம் பெரும்பாலும் வலப்பக்கத்தையே காட்டிக்கொண்டு போகும். மறுதிசையில் போகும் காட்சி வேண்டுமானால் எழுத்துகளைக் கண்ணாடிப் பிம்பமாக ஒட்டிப் படமெடுத்து ஃபிலிமைத் திருப்பிப் போட்டார்கள்.

பணம் இல்லை என்பதுதான் இந்தத் தொடரின் ஆகப் பெரிய வடிவமைப்பாளர் என்று சொன்னால் மிகையாகாது. வாரத்துக்கு ஒரு கிரகத்தில் கலத்தை இறக்கிக் காட்ட யாரிடம் காசு இருந்தது? அதனால் கலம் எந்தக் கிரகத்திலும் இறங்காது, சுற்றிக்கொண்டேயிருக்கும் என்று வைத்தார்கள். மனிதர்களை ஒளித்துகள்களாகக் கரைத்துக் கீழே அனுப்பும் டிரான்ஸ்போர்ட்டர் பிறந்தது அப்படித்தான். இறங்காத கலத்துக்குச் சக்கரம் வேண்டாம், கால் வேண்டாம், காற்றைக் கிழிக்கும் கூர்மூக்கு வேண்டாம். வடிவம் அத்தனை சுதந்திரமாக இருப்பதற்கு அந்தச் சிக்கனமும் ஒரு காரணம்.

1967-இல் வந்த 'தி டூம்ஸ்டே மெஷின்' அத்தியாயத்துக்குச் சிதைந்துபோன இன்னொரு கலம் தேவைப்பட்டது. பதினொரு அடி மாடலை உடைக்க முடியுமா? கடையில் சிறுவர்களுக்காக விற்றுக்கொண்டிருந்த ஏஎம்டி நிறுவனத்தின் என்டர்பிரைஸ் பிளாஸ்டிக் மாடல் பெட்டி ஒன்றை வாங்கினார்கள். ஒட்டிச் சுட்டுக் கருக்கினார்கள். பெட்டிக்குள் இருந்த ஸ்டிக்கர் எண்களையே இடம் மாற்றிப் போட்டு 1701-ஐ 1017 ஆக்கினார்கள். 'கான்ஸ்டலேஷன்' தயார். அந்த அத்தியாயத்தின் சோகத்தை அந்தக் கருகின பொம்மைதான் பாதி தாங்குகிறது.

எதிரிகளின் கலங்களைப் பற்றித் தனியாகவே ஒரு மாலை பேசலாம். ரோமுலன்களின் முதல் கலத்தைச் செய்தவர் வா சாங் என்ற சிற்பி. 1966-இல் 'பேலன்ஸ் ஆஃப் டெரர்' அத்தியாயத்தில் அது வந்தது. அடிவயிறு முழுக்கச் சிறகு விரித்த ஒரு பறவையின் ஓவியம். நீர்மூழ்கிக் கப்பல் சண்டையை விண்வெளிக்குக் கொண்டுவந்த அந்தக் கதையில், கண்ணுக்குத் தெரியாமல் மறையும் கலத்துக்கு இவ்வளவு பகட்டான வண்ணம் தீட்டியிருப்பது முரண்தான். ஆனால் அந்த முரணே ரோமுலன்களின் குணத்தைச் சொல்லிவிடுகிறது. ஒளிந்து தாக்குவார்கள், வெளிப்பட்டால் கௌரவத்தோடு வெளிப்படுவார்கள்.

கிளிங்கான்களின் டி-7 போர்க்கலம் ஜெஃப்ரீஸே வரைந்தது. திருக்கை மீனைப் பார்த்து வடிவத்தையும் நிறத்தையும் எடுத்துக்கொண்டார். மேலே கரும்பச்சைச் சாம்பல், கீழே வெளிறிய சாம்பல். நீண்ட கழுத்தின் நுனியில் ஒரு தலை. என்டர்பிரைஸில் இருக்கும் அதே உறுப்புகள்தான் இதிலும். தலை, கழுத்து, உடல், இரண்டு எஞ்சின். ஆனால் அவற்றைச் சேர்த்த விதத்தில் ஒன்று ஆய்வுக் கப்பல், இன்னொன்று வேட்டை விலங்கு. இலக்கணம் ஒன்று, வாக்கியம் வேறு. 1968-இல் அந்த மாடல் புதிதாகக் கையில் இருந்ததால், ரோமுலன்களும் கிளிங்கான் கலங்களைப் பயன்படுத்துகிறார்கள் என்று வசனத்தில் ஒரு வரி சேர்த்து அவர்களுக்கும் அதையே ஓட்டிவிட்டார்கள். சிக்கனம் இங்கும் கதை எழுதியிருக்கிறது.

தொடர் 79 அத்தியாயங்களோடு 1969-இல் நின்றது. கலம் நிற்கவில்லை. 1974-இல் பாரமவுண்ட் நிறுவனம் அந்தப் பெரிய மாடலை ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்குக் கொடுத்தது. 1976-இல் நாசாவின் முதல் விண்வெளி ஓடத்துக்கு 'கான்ஸ்டிட்யூஷன்' என்று பெயர் வைக்க இருந்தபோது, ரசிகர்கள் வெள்ளை மாளிகைக்குக் கடிதமாக எழுதிக் குவித்தார்கள். அதிபர் ஃபோர்டு காலத்தில் பெயர் 'என்டர்பிரைஸ்' என்று மாறியது. அந்த ஓடம் விண்வெளிக்குப் போகவே இல்லை. 1977-இல் காற்றில் மிதந்து தரையிறங்கும் சோதனைகளோடு அது தானாகப் பறப்பது முடிந்தது. இன்று நியூயார்க்கில் இன்ட்ரெபிட் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. உண்மைக் கலம் தரையில் நின்றுவிட்டது, பொம்மைக் கலம் அண்டம் சுற்றிவிட்டது. அமெரிக்கக் கடற்படையின் விசித்திரமான தோற்றமுள்ள போர்க்கப்பல் 'ஜூம்வால்ட்'டின் முதல் தலைவர் பெயர் கேப்டன் ஜேம்ஸ் கிர்க் என்பது யாரும் திட்டமிடாத தற்செயல். தொடரின் தலைவருக்கும் அதே பெயர்.

1979-இல் முதல் திரைப்படம். பெரிய திரைக்குப் பழைய மாடல் தாங்காது என்று கலத்தை மாற்றியமைத்தார்கள். ஜெஃப்ரீஸ் தொடங்கி வைத்த மாற்றங்களை ஆண்ட்ரூ புரோபெர்ட்டும் ரிச்சர்ட் டெய்லரும் முடித்தார்கள். எட்டடி நீள மாடலுக்கு முத்துப் போல நிறம் மாறும் வண்ணத்தைப் பால் ஓல்சன் கட்டம் கட்டமாகப் பூசினார். ஜெர்ரி கோல்ட்ஸ்மித்தின் இசையோடு கேமரா கலத்தைச் சுற்றிவரும் காட்சி நிமிடக் கணக்கில் நீள்கிறது. படம் அறுவை என்பவர்கள் அந்தக் காட்சியையும் அறுவை என்பார்கள். அது தவறான தீர்ப்பு. ஒரு பொறியியல் பொருளை ஒரு முகத்தைப் பார்ப்பதைப் போலப் பார்க்கச் சொல்லித் தந்த காட்சி அது. அடுத்த படத்துக்கு வந்த தொழில்நுட்பக் கலைஞர்கள், நீலத்திரை அந்த முத்துப்பூச்சில் பிரதிபலிக்கிறது என்று மேலே மங்கல் பூச்சு அடித்துவிட்டார்கள் என்பது வேறு கதை.

அந்த அடுத்த படம் 1982-இன் 'தி ராத் ஆஃப் கான்'. அதில் வரும் 'ரிலயன்ட்' பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். இரண்டு கலங்களும் ஒரே படையைச் சேர்ந்தவை, ஆனால் ஒன்றையொன்று தாக்குகின்றன. ஒரே உருவத்தில் இருந்தால் யார் யாரைச் சுடுகிறார்கள் என்று பார்ப்பவருக்குத் தெரியாது. ஜோ ஜென்னிங்ஸும் மைக் மைனரும் கழுத்தையும் கீழ் உருளையையும் எடுத்துவிட்டார்கள். தட்டு மட்டும், அதன் பின்னால் தடித்த உடல். எஞ்சின்களை மேலே வைத்து வரைந்து அனுப்பினார்கள். தயாரிப்பாளர் ஹார்வ் பென்னட் படத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டார் என்பது அந்தக் குழுவினர் சொல்லும் கதை. எஞ்சின்கள் கீழே போயின. அதுவே நல்லதாயிற்று. நெபுலா மேகத்துக்குள் வெறும் நிழலாகத் தெரிந்தாலும் எஞ்சின் மேலே இருந்தால் கிர்க், கீழே இருந்தால் எதிரி கான். ஒரு திரைப்படச் சண்டையை வடிவமைப்பே இவ்வளவு தெளிவாக நடத்திக்கொடுத்த இடம் வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

1984-இல் வந்த அடுத்த படத்தின் 'எக்ஸெல்சியர்' நீளமானது, பளிச்சென்றது, கொஞ்சம் கர்வமானது. அதே படத்தில் வந்த கிளிங்கான் 'பேர்ட் ஆஃப் ப்ரே' சண்டைக்குப் போகும்போது சிறகைத் தாழ்த்தும். இரண்டும் பிற்காலத் தொடர்களில் ஆண்டுக்கணக்கில் வேறு வேறு பெயர்களில் வந்துகொண்டேயிருந்தன, மாடல் கையில் இருக்கிறதே என்று.

1987-இல் புதிய தலைமுறைத் தொடருக்கு என்டர்பிரைஸ்-டி. அதன் பிறப்பும் ஒரு தற்செயல்தான். புதிய என்டர்பிரைஸ் எப்படி இருக்கும் என்று தன் ஆசைக்கு வரைந்து சுவரில் மாட்டியிருந்தார் புரோபெர்ட். எழுத்தாளர் டேவிட் ஜெரோல்ட் அதைப் பார்த்துவிட்டு ரோடன்பெரியிடம் கொண்டுபோனார். 642 மீட்டர் நீளம், ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், குடும்பம் குழந்தைகளோடு. நேர்கோடு என்று ஒன்றையே காணோம், எல்லாம் வளைவு. முன்பக்கத்திலிருந்து பார்த்தால் கம்பீரம். பக்கவாட்டில் தலை பெருத்து உடல் சிறுத்து, ஏதோ முன்னால் கவிழ்ந்துவிடும் போலத் தோன்றும். உள்ளே கம்பளம் விரித்து, நல்ல ஓட்டல் வரவேற்பறை மாதிரி இருக்கும். அச்சமில்லாத, வசதியான ஓர் எதிர்காலத்தைக் காட்ட அதுவே ஏற்றது. 2006-இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் இதன் ஆறடி மாடல் 5,76,000 டாலருக்குப் போனது.

அந்த வசதியைக் குலைக்க வந்த எதிரி போர்க். 1989-இல் முதன்முதலாக வந்தது அவர்களுடைய கலம்: ஒரு கனசதுரம். முகப்பு இல்லை, முதுகு இல்லை, தலைவன் உட்காரும் மாடம் இல்லை. எந்தப் பக்கம் சுட்டால் வலிக்கும் என்றே தெரியாது. மற்ற எதிரிகளுக்குப் பறவையும் மீனும் உவமையாயின, இதற்கு எந்த உயிரும் உவமையாகாது. தொடர் வரலாற்றின் தலைசிறந்த எதிரிக்கலம் அதுவே. அடுத்த ஆண்டு அந்தக் கனசதுரம் அழித்துப்போட்ட கப்பற்படையின் மயானத்தைக் காட்ட வேண்டியிருந்தது. கலைஞர்கள் என்டர்பிரைஸ்-டி பிளாஸ்டிக் பெட்டிகளை உடைத்துக் கண்டபடி ஒட்டினார்கள். ஒரு கலத்தின் மேல் இருக்கும் குழல்கள் உண்மையில் ஹைலைட்டர் பேனாக்கள்.

பிறகு வந்தவற்றில் 1994-இன் 'டிஃபையன்ட்' பாராட்டுக்குரியது. குட்டையாக, இறுக்கமாக, எஞ்சின்களை உடலோடு அணைத்துக்கொண்டு இருக்கும். சண்டைக்கென்றே கட்டியது என்பதை ஒளிக்கவில்லை. 'டிஃபையன்ட்' வந்த தொடரின் சிறு கலங்களுக்கு ஆறுகளின் பெயர். கங்கையும் அதில் உண்டு. ரிக் ஸ்டெர்ன்பாக் வரைந்த 1995-இன் 'வாயேஜர்' அழகுதான், ஆனால் வேகமெடுக்குமுன் எஞ்சின்களை மடக்கி உயர்த்தும் அந்தக் கீல் எதற்கு? வீட்டுக்கு எழுபத்தைந்து ஆண்டுப் பயணத் தூரத்தில் மாட்டிக்கொண்ட கப்பலில் அந்தக் கீல் ஒரு நாள் துருப்பிடித்தால் யார் கதி? ஜெஃப்ரீஸ் நிச்சயம் கேட்டிருப்பார். 2001-இல் வந்த தொடரின் என்எக்ஸ்-01 கலம் கதைப்படி கிர்க் காலத்துக்கு ஒரு நூற்றாண்டு முந்தியது, பார்க்க ஒரு நூற்றாண்டு பிந்தியது.

2009-இன் திரைப்படத்தில் எஞ்சின் அறையை லாஸ் ஏஞ்சலீஸின் வான் நைஸ் பகுதியில் உள்ள பட்வைசர் பீர் ஆலையில் எடுத்தார்கள். பளபளக்கும் கொப்பரைகளும் குழாய்களும் திரையில் பளிச்சென்று தெரிகின்றன, பீர் ஆலை என்பதும் பளிச்சென்று தெரிகிறது. அறுபதுகளில் சின்ன அரங்கில், பின்னால் போகப் போகச் சிறுத்துக்கொண்டே போகும் குழாய்களை வைத்து ஆழத்தைப் பொய்யாகக் காட்டிய எஞ்சின் அறை இதைவிட நம்பும்படி இருந்தது. 2020-இல் 'பிக்கார்ட்' தொடரின் முதல் பருவ முடிவில் ஒரு பெரும்படை வந்து நின்றது, எல்லாம் ஒரே அச்சு. கணினியில் நகலெடுப்பது எளிது என்பதால் நேர்ந்த வறுமை அது. பேனாவை ஒட்டியாவது வேறுபடுத்திக் காட்டிய கைகளுக்கு அந்த வறுமை இருந்ததில்லை. ரசிகர்கள் சும்மா விடவில்லை. 2023-இன் மூன்றாவது பருவத்தில் விதவிதமான கலங்களும், பழைய என்டர்பிரைஸ்-டியும், அதன் மறுபடி கட்டிய கட்டுப்பாட்டு அறையும் திரும்பி வந்தன.

ஜெஃப்ரீஸ் தொடருக்குப் பின் 'லிட்டில் ஹவுஸ் ஆன் தி ப்ரெய்ரி' தொடரின் கலை இயக்குநராக, பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குடியேறிகளின் மரவீடுகளை வரைந்துகொண்டிருந்தார். 2003-இல் காலமானார். அவருடைய பதினொரு அடிக் கலத்தை ஸ்மித்சோனியன் 2014-இல் இறக்கி இரண்டாண்டு செப்பனிட்டு, 2016-இல் மறுபடி காட்சிக்கு வைத்தது. தட்டின் மேற்புறத்தில் இருந்த அறுபதுகளின் அசல் வண்ணத்தை அப்படியே விட்டுவைத்தார்கள். அதற்கு முன்னோடியாகச் செய்த மூன்றடி மாடல் எழுபதுகளின் இறுதியில் இரவல் போய்க் காணாமல் போனது. 2023-இல் ஓர் இணைய ஏலத்தில் தலைகாட்டி, 2024-இல் ரோடன்பெரியின் மகனிடம் வந்து சேர்ந்தது.

இந்தக் கலங்களைப் புதிதாகப் பார்க்க விரும்புகிறவர்கள் புதுப் படங்களிலிருந்து தொடங்க வேண்டாம். 'பேலன்ஸ் ஆஃப் டெரர்' ஒரு மாலை, 'தி டூம்ஸ்டே மெஷின்' ஒரு மாலை, அதன் பிறகு 'தி ராத் ஆஃப் கான்'. இந்த வரிசையில் பாருங்கள். முடிந்தால் ஒரு காட்சியையாவது ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். எந்தக் கலம் யாருடையது என்று வசனம் இல்லாமலே தெரிகிறதா என்று நீங்களே சோதித்துக்கொள்ளலாம்.